கெட்டோவைப் பற்றி ஒரே ஒரு நாவல் படிப்பதென்றால் எதை எடுப்பது?

மேசையில் நான்கு நாவல்கள் இருக்கின்றன. ஒன்று மெலிந்த புத்தகம், ஒரு நீண்ட ரயில் பயணத்தில் முடித்துவிடலாம். இன்னொன்று மூன்று பாகம், செங்கல் அடுக்கியதுபோல் கனம். மற்ற இரண்டும் ஐந்நூறு, அறுநூறு பக்கங்களைத் தாண்டுபவை. எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒன்பது பேர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறோம். இருவர் பணி ஓய்வு பெற்றவர்கள், ஒருவர் கல்லூரி மாணவி, மற்றவர்கள் வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் அரை மணி நேரம் ஒதுக்கிப் படிக்கிறவர்கள். நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோவைப் பற்றி ஒரு நாவல் படிப்பது என்று போன கூட்டத்தில் முடிவாயிற்று. எந்த நாவல் என்று சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான்கையும் ஆங்கிலத்தில்தான் படித்தேன். இரண்டு நாவல்களின் மூலமே ஆங்கிலம். ஒன்று ஜெர்மனிலிருந்தும் ஒன்று கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இட்டிஷ் மொழியிலிருந்தும் வந்தவை.

முகாமைப் பற்றி எழுதாத நாவல்களாகப் பார்த்தே எடுத்தேன். ஆன் ஃபிராங்க் ஒளிந்திருந்தது ஆம்ஸ்டர்டாமில் ஒரு கட்டடத்தின் பின்பகுதியில். ஆஷ்விட்ஸ் பற்றி நம்மில் பலரும் ஏதாவது படித்திருக்கிறோம். கெட்டோ இந்த இரண்டிலும் சேராது. முகாமின் வாசலிலேயே மனிதனிடமிருந்து பெயரும் துணியும் தலைமுடியும் பறிபோயின. கெட்டோவிலோ அவன் தன் பெயரோடும், குடும்பத்தோடும், பக்கத்து வீட்டுக்காரனிடம் பட்ட கடனோடும் பட்டினி கிடந்தான். அங்கே பள்ளிக்கூடம் நடந்தது, கல்யாணம் நடந்தது, ரொட்டிக்கு வரிசை நின்றது, வரிசையில் சண்டை வந்தது. ஓர் ஊரையே கதவைப் பூட்டி, உள்ளே நடப்பதை நடக்கவிட்டு, மெல்ல மெல்லக் கொன்றார்கள். ஊர் என்பதால்தான் அது நாவலுக்குள் வருகிறது. மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசவும், பொறாமைப்படவும், காதலிக்கவும் அங்கே இன்னும் சிறிது காலம் மிச்சம் இருந்தது.

நாவல்களை ஒப்பிடுவதற்கு முன் இரண்டு கெட்டோக்களின் வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். அதைத் தெரிந்துகொண்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

போலந்தின் தலைநகரான வார்சாவின் கெட்டோவை 1940 நவம்பரில் சுவர் எழுப்பி மூடினார்கள். மூன்றரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைவான இடம்; அதில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். ஆனால் அந்தச் சுவருக்கு ஓட்டைகள் இருந்தன. சிறுபிள்ளைகள் புகுந்து வெளியே போய், சட்டைக்குள் உருளைக்கிழங்கோடு திரும்பினார்கள். கழிவுநீர்ச் சுரங்கங்கள் வழியாக மாவு வந்தது, பிற்பாடு ஆயுதங்கள் வந்தன. 1942 ஜூலை 22 முதல் செப்டம்பர் வரைக்குள் ஏறத்தாழ 2,65,000 பேரை ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு ரயில் ஏற்றினார்கள். மிஞ்சியவர்களில் சில நூறு பேர் 1943 ஏப்ரல் 19 அன்று ஜெர்மானியர்கள் மீது சுட்டார்கள்.

போலந்தின் இன்னொரு நகரமான வூட்ச் வேறு. லோட்ஸ் என்று பல புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள், அதே ஊர்தான். 1940 ஏப்ரல் இறுதியில் சுமார் 1,60,000 பேரை உள்ளே வைத்து மூடினார்கள். அந்தப் பகுதியில் கழிவுநீர்ச் சுரங்கம் கிடையாது. கெட்டோவுக்கென்று தனிப் பணம் அச்சடித்தார்கள். அந்தத் தாளுக்கு வேலிக்கு வெளியே ஒரு மதிப்பும் இல்லை. ஊரையே ஜெர்மனியோடு இணைத்து, பெயரையும் மாற்றி, சுற்றிலும் ஜெர்மானியர்களைக் குடியமர்த்தியிருந்தார்கள். வெளியே போனால் ஒளித்துவைக்க ஆளில்லை. அதனால் வூட்ச் கெட்டோவில் கடத்தலும் இல்லை, ஆயுதமும் இல்லை. இருந்தவை ரொட்டி, தையல் பட்டறை, வதந்தி மூன்றும்தான். 1944 ஆகஸ்ட் வரை, போலந்தின் மற்ற எல்லா பெரிய கெட்டோக்களும் அழிந்த பின்னும், அது இருந்தது.

ஆக, வார்சாவைப் பற்றிய நாவலில் சுவரின் ஓட்டையைத் தேடுவார்கள். வூட்சைப் பற்றிய நாவலில் ஒரு செய்திக்காகக் காத்திருப்பார்கள். எங்கள் மேசையில் இரண்டு வகைக்கும் இரண்டு புத்தகங்கள்.

முதலில் ஒன்றை விலக்கிவிடுகிறேன். லியோன் யூரிஸ் 1961-இல் எழுதிய ‘மீலா 18’. மீலா தெருவில் 18-ஆம் எண் வீட்டுக்கு அடியில் இருந்த பதுங்கு குழிதான் கிளர்ச்சிக்காரர்களின் தலைமையிடம். இளம் தலைவர் மொர்தெக்காய் அனியலெவிட்ஸ் 1943 மே 8 அன்று அங்கேதான் இறந்தார். யூரிஸின் நாவல் விறுவிறுப்பானது, உலகமெங்கும் விற்றது. இன்னொரு அமெரிக்க நாவலாசிரியர் தன் புத்தகத்தின் தலைப்பில் வைத்திருந்த 18 என்ற எண்ணை, இதோடு குழம்பிவிடக் கூடாது என்று 22 ஆக மாற்றிக்கொண்டது இலக்கிய உலகில் எல்லோரும் அறிந்த கதை. போலந்துக் குதிரைப்படை அதிகாரி ஆந்த்ரெய், அழகான பெண்கள், இத்தாலிய அமெரிக்கப் பத்திரிகையாளர் என்று பாத்திரங்கள் வாட்டசாட்டமாக வருகிறார்கள். படிக்கும்போது கை பக்கத்தை விடாது.

என் மனக்குறை வேறிடத்தில் இருக்கிறது. இந்த நாவலை மூடும்போது, துணிந்தவன் மானத்தோடு இறந்தான், துணியாதவன் வண்டியில் ஏறினான் என்ற எண்ணம் நெஞ்சில் தங்கிவிடுகிறது. கிளர்ச்சியின்போது கெட்டோவில் ஐம்பதாயிரம் பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். துப்பாக்கி பிடித்தவர்கள் சில நூறு பேர்தான். மற்றவர்கள் தரைக்கு அடியில் மூச்சுமுட்டக் கிடந்து, தீ வைத்து வெளியேற்றும்வரை வெளியே வர மறுத்தார்கள். குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்த தாய்க்கு என்ன துணிச்சல் குறைவு? இந்தக் கேள்வியை யூரிஸ் எழுப்புவதில்லை. கிளர்ச்சியைப் பற்றி ஒன்றுமே தெரியாத பதினாறு வயதுப் பிள்ளைக்கு இதைக் கொடுப்பேன். எங்கள் வட்டத்துக்கு வேண்டாம்.

அடுத்தது ஜான் ஹெர்சியின் ‘சுவர்’, 1950-இல் வந்தது. ஹெர்சி சீனாவில், அமெரிக்க மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர், யூதர் அல்லர். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபின் உயிர் தப்பியவர்களைப் பற்றி அவர் எழுதிய நீண்ட பத்திரிகைக் கட்டுரையால் அறியப்பட்டவர். கெட்டோ ஆவணங்கள் இருந்த மொழிகள் அவருக்குத் தெரியாது. அந்த மொழிகள் அறிந்தவர்களை அமர்த்தி, ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லச் செய்து, கம்பிப் பதிவுக் கருவியில் பதிந்து, அதைக் கேட்டுக் கேட்டு எழுதினார். காதால் கேட்ட குரல் நாவலிலும் தங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

நாவலின் கட்டமைப்பே அதன் பலம். நோவாக் லெவின்சன் என்ற வரலாற்று ஆர்வலர் கெட்டோவில் நடந்த அனைத்தையும் குறித்துவைத்துப் புதைத்ததாகவும், போருக்குப் பிறகு மற்றவர்கள் அதைத் தோண்டி எடுத்துத் தொகுத்ததாகவும் பாவனை. ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் நிகழ்ச்சி நடந்த தேதி, எழுதிய தேதி, சொன்னவர் பெயர் ஆகிய மூன்றும் இருக்கும். நமது ஊர் காவல் நிலைய நாட்குறிப்பைப் போல வறண்ட தலைப்பு. அதன் கீழே ஒரு குடும்பம் உடைவதும், உடைந்த துண்டுகள் சேர்ந்து இன்னொரு குடும்பம் ஆவதும் வரும். நிகழ்ந்த தேதிக்கும் எழுதிய தேதிக்கும் இடைவெளி நீளும்போதெல்லாம் வாசகருக்கு நெஞ்சு கனக்கும். அத்தனை நாள் லெவின்சனால் எழுத உட்கார முடியாமல் போனது எதனால் என்று மனம் தேட ஆரம்பித்துவிடும்.

லெவின்சன் கற்பனை. ஆனால் அவருக்கு உருவம் கொடுத்தவர் நிஜ மனிதர், எம்மானுவேல் ரிங்கல்ப்ளும். வார்சா கெட்டோவில் ரகசியமாக ஒரு குழுவைக் கூட்டி, ரேஷன் அட்டை, மிட்டாய்க் காகிதம், பள்ளிக் கட்டுரை, சுவரொட்டி, பட்டினியைப் பற்றிய மருத்துவக் குறிப்பு என்று கைக்கு வந்ததையெல்லாம் சேர்த்தவர். தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் வைத்துப் புதைத்தார்கள். பெட்டிகள் 1946 செப்டம்பரில் கிடைத்தன. பால் கேன்கள் 1950 டிசம்பரில். ஹெர்சியின் நாவல் அதே 1950-இன் தொடக்கத்திலேயே கடைக்கு வந்துவிட்டது. கற்பனை ஆவணக் காப்பகம் வாசகர் கையில் இருந்தபோது, நிஜக் காப்பகத்தின் ஒரு பகுதி இன்னும் மண்ணுக்குள் இருந்தது. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் மயிர்க்கூச்செறிகிறது. மூன்றாவது பகுதி இன்று வரை கிடைக்கவில்லை.

‘சுவர்’ ஏன் என் முதல் தேர்வாகவில்லை? வாசகர் வழி தவறிவிடாமல் எல்லாவற்றையும் லெவின்சன் விளக்கிச் சொல்லிவிடுகிறார். பாத்திரங்கள் ஒவ்வொருவரும் ஒரு கருத்தின் பிரதிநிதியாகப் பேசும் இடங்களும் உண்டு. வெளியிலிருந்து வந்தவரின் மரியாதை அது. மிகுந்த கவனத்தோடு, காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறார். ஆனால் வீட்டுக்காரர்களைப்போலச் சமையலறைக்குள் போய் உட்கார அவரால் முடியவில்லை. வரலாற்றை ஒழுங்காகத் தெரிந்துகொள்ளவும் வேண்டும், நாவலாகவும் வேண்டும் என்பவர்களுக்கு நான்கில் இதுவே சரியானது. எங்கள் வட்டத்தில் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் இதைத் தனியாகக் கொடுக்கப்போகிறேன்.

சமையலறைக்குள் உட்கார்ந்து எழுதிய நாவல் மூன்றாவது. ஹாவா ரோசன்ஃபார்ப் இட்டிஷ் மொழியில் எழுதி 1972-இல் மூன்று பாகங்களாக வெளியிட்ட ‘ஜீவ விருட்சம்’. வூட்சில் 1923-இல் பிறந்தவர். பதினேழு வயதில் கெட்டோவுக்குள் அடைபட்டு, அது கலைக்கப்பட்டபோது ஆஷ்விட்ஸுக்கும், அங்கிருந்து ஹாம்பர்க் அருகே ஒரு வேலை முகாமுக்கும், கடைசியில் பெர்கன் பெல்சனுக்கும் அனுப்பப்பட்டு உயிரோடு வெளியே வந்தவர். ஆஷ்விட்ஸில் அவருடைய கவிதைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். வேலை முகாமில் ஒரு துண்டுப் பென்சில் கிடைத்தது. தன் படுக்கைக்கு மேலே இருந்த பலகையில், நினைவில் இருந்த கவிதை வரிகளை எழுதிவைத்து, தினமும் படித்து மனப்பாடம் செய்தார். பின்னாளில் மான்ட்ரியாலில் குடியேறி, தன் மொழியைப் பேசுகிறவர்கள் அழிந்துகொண்டே வருவது தெரிந்தும், அந்த மொழியிலேயே இந்த ஆயிரம் பக்கத்துக்கும் மேற்பட்ட நாவலை எழுதினார். மகளோடு சேர்ந்து தானே ஆங்கிலத்துக்கும் கொண்டுவந்தார்.

பத்து மனிதர்களைப் பின்தொடர்கிறது நாவல். ஆலை முதலாளியின் குடும்பம், தச்சர், ஆசிரியை, மருத்துவர், கவிஞர் என்று பலதரப்பட்டவர்கள். அதில் ஒருவர் உண்மையான மனிதர்: மொர்தெக்காய் ஹாயிம் ரும்கோவ்ஸ்கி. ஜெர்மானியர்கள் வூட்ச் கெட்டோவுக்குத் தலைவராக நியமித்த முதியவர். முன்னாளில் அநாதை இல்லம் நடத்தியவர். உழைப்பு ஒன்றே உயிரைக் காக்கும் என்று நம்பினார். கெட்டோவையே ஜெர்மானிய ராணுவத்துக்குச் சீருடை தைக்கும் பட்டறையாக மாற்றினார். 1942 செப்டம்பர் 4 அன்று கூட்டத்தின் முன் நின்று, பத்து வயதுக்குக் குறைந்த உங்கள் பிள்ளைகளை என்னிடம் கொடுங்கள் என்று பெற்றோர்களைக் கேட்டார். அடுத்த ஒரு வாரத்தில் குழந்தைகளும் முதியவர்களும் நோயாளிகளுமாக 15,000-க்கும் மேற்பட்டவர்களை ஹெல்ம்னோ கொலை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அந்த வாரத்தைப் படித்துவிட்டு நான் மூன்று நாள் புத்தகத்தைத் தொடவில்லை.

ரோசன்ஃபார்ப் யாரையும் தீர்ப்புக்கூண்டில் ஏற்றுவதில்லை. பசி வந்திடப் பத்தும் பறந்துபோகும் என்று நாம் சொல்கிறோம். இந்த நாவலில் சிலருக்கு எல்லாமே பறந்துபோகின்றன. சிலருக்கு ஏழெட்டுப் போய் ஒன்றிரண்டு மிஞ்சுகின்றன. ஒருவரிடம் மிஞ்சியது கவிதை, இன்னொருவரிடம் காதல், மற்றொருவரிடம் வெறும் பிடிவாதம். எது யாரிடம் ஏன் மிஞ்சியது என்பதற்கு ஆசிரியர் காரணம் சொல்வதில்லை. மிஞ்சியவர் பிழைத்தார், மிஞ்சாதவர் செத்தார் என்ற கணக்கும் இல்லை. எல்லோரும் ஒரே ரயிலில்தான் ஏறுகிறார்கள். கடைசி ரயில் ஆஷ்விட்ஸ் வாசலை அடையும்போது கதை நின்றுவிடுகிறது. அதற்கு மேல் வெற்றுத்தாள்கள்.

நான்கில் மிகப் பெரிய நாவல் இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் எங்கள் வட்டத்துக்கு முதலில் இதைச் சொல்லப்போவதில்லை. பக்கங்களுக்காகச் சொல்லவில்லை. முதல் பாகம் முழுக்கப் போருக்கு முந்தைய வூட்ச். அந்த ஊரின் கட்சிகள், கட்சிக்குள் கட்சிகள், ஆலைத் தொழிலாளர் சங்கம், பாலஸ்தீனத்தில் யூதருக்குத் தனி நாடு கேட்ட சீயோனியர், யூத சோஷலிஸ்டுகளான பண்டிஸ்டுகள் என்று பழக வேண்டியவை நிறைய. அவசரத்தில் படித்தால் அந்தப் பத்துப் பேரும் வெறும் பெயர்களாகிவிடுவார்கள். ஒரு வருடம் எடுத்துக்கொண்டு, மாதம் நூறு பக்கமாக, யாரோ ஒருவர் துணையோடு படிக்க வேண்டிய நூல்.

இனி மெலிந்த புத்தகம். யூரெக் பெக்கரின் ‘பொய்யன் யாக்கோப்’, கிழக்கு ஜெர்மனியில் 1969-இல் வெளிவந்தது. முதலில் திரைக்கதையாக எழுதினார். படம் எடுக்க வழி பிறக்காததால் நாவலாக்கினார். அந்தப் படமும் பின்னர் 1974-இல் வந்தது.

பெக்கரும் வூட்சில் பிறந்தவரே. பதிவுகளின்படி 1937. சரியான பிறந்த தேதி அவருக்கே தெரியாது. வயது கூடினால் நாடுகடத்தலிலிருந்து தப்பலாம் என்று கெட்டோவில் தகப்பனார் வயதை மாற்றிச் சொல்லிவிட்டார், பிறகு உண்மையான தேதியை மறந்தும்விட்டார். முகாம்களில் தாய் இறந்துபோனார். போர் முடிந்ததும் தகப்பனார் மகனைத் தேடிக் கண்டுபிடித்து, கிழக்கு பெர்லினில் குடியமர்ந்தார். போலிஷ் பேசிய சிறுவன் எட்டு வயதுவாக்கில் ஜெர்மன் படித்தான், போலிஷ் மறந்தது. கெட்டோவைப் பற்றிய நினைவும் அவனிடம் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. பிற்காலத்தில் வூட்ச் கெட்டோவின் புகைப்படங்கள் கண்காட்சிக்கு வந்தபோது, அந்த முகங்களுக்குள் தன்னையே தேடிப் பார்த்ததை எழுதியிருக்கிறார். நினைவில்லாத ஒருவர் எழுதிய நாவல் இது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

கதை எளிமையானது. யாக்கோப் ஹெய்ம், போருக்கு முன் குளிர்காலத்தில் உருளைக்கிழங்கு அடையும் கோடையில் ஐஸ்கிரீமும் விற்ற சிறு கடைக்காரர். ஒரு மாலை தெருவில் நடந்து போகிறார். காவல் விளக்கு அவர்மேல் விழுகிறது. ஊரடங்கு நேரம் தாண்டிவிட்டதாகச் சொல்லி, காவல் நிலையத்துக்குப் போய் உனக்குரிய தண்டனையைக் கேட்டு வாங்கிக்கொள் என்கிறான் காவலன். உண்மையில் நேரம் தாண்டவில்லை. ஆனால் கெட்டோவில் கடிகாரம் வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம். யாக்கோப் எதைக் காட்டி வாதாடுவார்? யூதன் ஒருவன் உயிரோடு வெளியே வந்ததாகச் சரித்திரமே இல்லாத அந்தக் கட்டடத்துக்குள் போகிறார். நடையில் நிற்கும்போது கதவுக்குப் பின்னால் ஒரு ரேடியோ. ரஷ்யர்களின் தாக்குதலைப் பெசானிகாவுக்கு இருபது கிலோமீட்டர் முன்னால் நிறுத்திவிட்டதாக அறிவிப்பாளர் பெருமையோடு சொல்கிறார். யாக்கோப் காதில் விழுவது ஒன்றே ஒன்றுதான்: ரஷ்யர்கள் அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டார்கள்.

அன்று அவரை விட்டுவிடுகிறார்கள். மறுநாள் சரக்கு ரயில் நிலையத்தில் வேலை செய்யும்போது, மீஷா என்ற இளைஞன் ஒரு வேகனிலிருந்து உருளைக்கிழங்கு திருட ஓடப்பார்க்கிறான். பிடிபட்டால் அந்த இடத்திலேயே சுடுவார்கள். அவனைத் தடுக்க யாக்கோப்பிடம் இருக்கும் ஒரே பொருள் அந்தச் செய்தி. சொல்கிறார். மீஷா நம்பவில்லை. காவல் நிலையத்தில் கேட்டேன் என்றால் யார் நம்புவார்கள், அங்கே போனவன் திரும்பியதுண்டா? அதனால் நம்பக்கூடிய ஒன்றைச் சொல்கிறார்: என்னிடம் ரேடியோ இருக்கிறது.

நாவலின் அச்சு இங்கேதான் சுழல்கிறது என்று படித்த நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். செய்தி மெய். அதை நம்ப வைக்கப் பொய் தேவைப்படுகிறது. அன்று மாலைக்குள் கெட்டோ முழுவதும் தெரிந்துவிடுகிறது, யாக்கோப்பிடம் ரேடியோ இருக்கிறது என்று. அடுத்த நாள் எல்லோரும் வந்து இன்று என்ன செய்தி என்று கேட்கிறார்கள். தற்கொலைகள் நின்றுபோகின்றன. மீஷா பெண் கேட்கப் போகிறான். போருக்குப் பிறகு யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்று பழைய கடன்களைப் பேச ஆரம்பிக்கிறார்கள். யாக்கோப்போ சொல்லுவதற்குச் செய்தி இல்லாமல் ஜெர்மானியர்களின் கழிப்பறைக்குள் நுழைந்து, துடைப்பதற்காகக் கிழித்து வைத்திருந்த செய்தித்தாள் துண்டுகளைப் பொறுக்குகிறார். ஒரு சிப்பாய் அந்தப் பக்கம் வருகிறான். யாக்கோப்பின் பழைய நண்பர், சவரத் தொழிலாளி கோவல்ஸ்கி, அவனைத் திசைதிருப்பப் பெட்டிகளைத் தள்ளிவிட்டு அடி வாங்குகிறார்.

இன்னொரு காட்சி. பெற்றோரை இழந்த எட்டு வயது லீனா, யாக்கோப்பின் பாதுகாப்பில் ஒளிந்திருப்பவள். ரேடியோவைப் பார்த்தே தீரவேண்டும் என்கிறாள். ரேடியோ என்றால் என்ன என்றே அறியாத குழந்தை. நிலவறைக்குக் கூட்டிப்போய், தடுப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அந்தக் கிழவர் குரலை மாற்றி மாற்றிப் பேசுகிறார். பேட்டி நடத்துகிறார், வாயாலேயே வாத்தியம் வாசிக்கிறார், கடைசியில் கதை சொல்லும் மாமா ஆகிறார். நோயில் விழுந்த இளவரசி மேகம் ஒன்று வேண்டும் என்கிறாள்; தோட்டக்காரப் பையன், மேகம் எதனால் ஆனது என்று அவளிடமே கேட்கிறான்; பஞ்சினால் என்கிறாள் அவள்; தலையணை அளவு பஞ்சு கொண்டுவந்து கொடுக்க, குணமாகிவிடுகிறாள். சத்தம் வெளியே கேட்டால் உயிர் போகும் இடத்தில், அறுபதை நெருங்கும் ஒருவர் பஞ்சு மேகக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த எட்டுப் பத்துப் பக்கங்களுக்காகவே இந்த நாவலை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

‘பொய்மையும் வாய்மை யிடத்த’ என்று குறள் நமக்கு ஓர் அனுமதி தருகிறது. ‘புரைதீர்ந்த நன்மை’ பயக்குமானால் என்ற கடுமையான நிபந்தனையோடு. பெக்கரின் நாவல் அந்த நிபந்தனையை மிக நுட்பமாகச் சோதிக்கிறது. யாக்கோப்பின் பொய்யால் விளைந்த நன்மை புரை தீர்ந்ததா? பூட்டிய வேகனுக்குள் இருந்தவர்களிடம் நம்பிக்கைச் செய்தியைச் சொல்லப்போய் ஹெர்ஷல் ஷ்டாம் சுட்டுக் கொல்லப்படுகிறான். களைத்துப்போன யாக்கோப் ஒருநாள் கோவல்ஸ்கியிடம் மட்டும் உண்மையை ஒப்புக்கொள்கிறார். மறுநாள் கோவல்ஸ்கி தூக்கில் தொங்குகிறார். பொய்யும் கொல்கிறது, மெய்யும் கொல்கிறது. எங்கள் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் இதையே பேசலாம். தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கேள்வி புதியதல்ல என்பதால் இன்னும் நன்றாகவே பேசலாம்.

இங்கே ரும்கோவ்ஸ்கியின் நினைவு வராமல் போகாது. உழைத்தால் பிழைப்போம் என்று அவரும் ஊருக்கு நம்பிக்கை கொடுத்தார். அவருடைய வாக்கின்மேல் மக்கள் குழந்தைகளை இழந்தார்கள். யாக்கோப்பின் வாக்கின்மேல் யாரும் எதையும் இழக்கும்படி அவர் கேட்கவில்லை. இன்னொரு நாள் உயிரோடு இரு என்பதைத் தவிர. அதிகாரம் உள்ளவன் தரும் நம்பிக்கைக்கும், அது இல்லாதவன் தருவதற்கும் இடையிலுள்ள தூரத்தை, இந்த இரண்டு வூட்ச் நாவல்களையும் அடுத்தடுத்துப் படித்தபோதுதான் நான் உணர்ந்தேன்.

வூட்ச் கெட்டோவில் ரேடியோ உண்மையிலேயே இருந்தது. சிலர் உயிரைப் பணயம் வைத்து ரகசியமாகக் கேட்டார்கள். 1944 ஜூனில், நேசநாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கிய செய்தி தெருவில் பரவியபோது, ஜெர்மானியர்கள் அவர்களைப் பிடித்தார்கள். ஹாயிம் விடாவ்ஸ்கி என்பவர், சித்திரவதையில் மற்றவர்களின் பெயர் வாயில் வந்துவிடக் கூடாது என்று விஷம் குடித்து இறந்தார். பெக்கரின் தகப்பனார், கெட்டோவில் ரேடியோ வைத்திருந்த வீரனைப் பற்றி மகன் எழுத வேண்டும் என்று விரும்பினார். மகன் ரேடியோ இல்லாதவனைப் பற்றி எழுதினார். ‘மீலா 18’ஐ நான் ஏன் விலக்கினேன் என்பதற்கு இதுவே என் பதில். வீரனுக்குச் சிலை இருக்கும். பயந்துகொண்டே இருந்த, ரேடியோவும் இல்லாத, அடை சுட்டு விற்ற ஒருவனுக்கு நாவல்தான் இடம் கொடுக்க முடியும்.

இந்த நாவலின் குறைகளையும் சொல்ல வேண்டும். ஊர் பெயர் இல்லை; பெசானிகா கற்பனை ஊர்; ஆண்டும் தெளிவாக இல்லை. கெட்டோவைப் பற்றி எதுவும் தெரியாதவர் கையில் கொடுத்தால் இதை ஒரு நீதிக்கதையாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. பசியின் விவரங்கள் ரோசன்ஃபார்பில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. கதைசொல்லியின் குரல் இலேசாக, சிலசமயம் சிரித்துக்கொண்டே போகும். பிணங்களின் நடுவே சிரிப்பா என்று சிலருக்கு மனம் ஒப்பாது. எனக்கும் முதல் இருபது பக்கங்கள் அப்படித்தான் இருந்தன. அந்தச் சிரிப்பு யாருடையது, அவன் எதை இழந்துவிட்டுப் பேசுகிறான் என்பது தெரியவந்தபோது என் தயக்கம் போய்விட்டது.

முடிவு இரண்டு. கதைசொல்லி முதலில் தான் ஆசைப்பட்ட முடிவைச் சொல்கிறான்: யாக்கோப் வேலியில் சுடப்பட்டு விழும் இரவில், ரஷ்யப் பீரங்கிகளின் ஒலி கேட்கிறது. பிறகு நடந்ததைச் சொல்கிறான். யாரும் வரவில்லை. எல்லோரையும் ரயிலில் ஏற்றுகிறார்கள். உண்மையிலும் அப்படித்தான் நடந்தது. 1944 ஆகஸ்டில் செஞ்சேனை விஸ்துலா நதிக்கரை வரை வந்து நின்றது. அந்த மாதத்தில்தான் வூட்ச் கெட்டோவின் கடைசி ரயில்கள் ஆஷ்விட்ஸுக்குப் போயின. ரஷ்யர்கள் வூட்சுக்குள் நுழைந்தது 1945 ஜனவரி 19. துப்புரவு வேலைக்கென்று நிறுத்திவைக்கப்பட்டிருந்த எண்ணூறு சொச்சம் பேரே அங்கே இருந்தார்கள்.

கதைசொல்லி ஒருவன் மட்டும் பிழைக்கிறான். அவன் எப்படிப் பிழைத்தான் என்று நாவல் சொல்வதே இல்லை. கெட்டிக்காரத்தனத்தாலோ நல்ல குணத்தாலோ பிழைத்ததாக ஓர் அடையாளமும் வைக்கவில்லை. பிழைத்தவர்களுக்கு ஏதோ ஒரு தகுதி இருந்திருக்க வேண்டும் என்று எண்ணிக்கொள்வது நமக்கு ஆறுதலாக இருக்கிறது. இறந்தவர்களுக்கு அது செய்யும் அநியாயம் பெரிது. பெக்கரும் ரோசன்ஃபார்பும், இருவருமே உள்ளே இருந்து வந்தவர்கள், அந்த ஆறுதலை நமக்குத் தர மறுக்கிறார்கள். இரண்டு வூட்ச் நாவல்களும் என் பட்டியலில் மேலே வந்ததற்கு இதைவிட வேறு காரணம் இல்லை.

வேறு இரண்டு பெயர்களும் கூட்டத்தில் எழுந்தன. ஸ்வீடிஷ் எழுத்தாளர் ஸ்டீவ் செம் சாண்ட்பெர்க் 2009-இல் ரும்கோவ்ஸ்கியை மையமாக வைத்து எழுதியது; ஜிம் ஷெப்பர்ட் 2015-இல் வார்சாவில் கடத்தல் செய்யும் ஒரு சிறுவனின் குரலில், யானுஷ் கோர்ச்சாக்கின் அநாதை இல்லம் வரை கொண்டுபோவது. முதலாவது ஆவணங்களில் ஊறியது, ஆனால் இருள் கொஞ்சமும் விலகாதது. இரண்டாவது சின்னது, கூர்மையானது. பெக்கரை எடுக்க முடியாமல் போனால் மாணவிக்கு இதைத்தான் சொல்வேன்.

எனவே எங்கள் வட்டத்துக்கு என் பரிந்துரை ‘பொய்யன் யாக்கோப்’. ஆங்கிலத்தில் இரண்டு மொழிபெயர்ப்புகள் உள்ளன. லைலா வென்னவிட்ஸ் செய்த பிந்தையதை வாங்குங்கள், கதைசொல்லியின் பேச்சுத் தொனி அதில் காதில் விழுகிறது. படிக்கத் தொடங்கும் முன் வூட்ச் கெட்டோவைப் பற்றிய நான்கு பக்கக் குறிப்பை நான் நகலெடுத்துத் தருகிறேன், ஒரு வரைபடத்தோடு. நாவலில் இல்லாத தேதிகளும் எண்களும் அதில் இருக்கும். விரும்புகிறவர்கள் அடுத்த ஜனவரியில் ‘ஜீவ விருட்சம்’ தொடங்கலாம். மூன்று பேர் வந்தாலும் போதும், என் வீட்டில் உட்கார்ந்து படிப்போம்.

முதல் கூட்டத்துக்கு முதல் சில பக்கங்களை மட்டும் படித்துவிட்டு வாருங்கள். கதைசொல்லி யாக்கோப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன் மரங்களைப் பற்றிப் பேசுவான். கெட்டோவில் மரம் கூடாது என்பது விதி. ஒரு மரத்தடியில்தான் அவன் மனைவியைச் சுட்டார்கள். நாவல் முடியும் ரயில் பெட்டியில் மரங்களும் மேகங்களும் ஒரு துவாரத்தின் வழியே தெரிகின்றன. லீனா அவனிடம் மேகங்கள் பஞ்சினால் ஆனவையா என்று கேட்கிறாள். அவன் ஆறு, ஏரி, கடல், நீராவி என்று பொறுமையாக எடுத்துச் சொல்லிக்கொண்டு வருகிறான்.